பல நாள் பயணத்திற்கான கடல் கயாக்: ஜோர்ஜியன் விரிகுடாவுக்கு எதை வாங்குவது?

பனைநிழல் (ஸ்காபரோ):

வணக்கம். நானும் மனைவியும் கடந்த இரண்டு கோடைகாலங்களாக ரொறன்ரோத் தீவுகளைச் சுற்றி வாடகைக் கயாக்கில் துடுப்பு வலித்து வருகிறோம். சென்ற ஆண்டு வார இறுதிப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, கவிழ்ந்த கயாக்கிலிருந்து வெளியே வரவும், துணைக் கயாக்கைப் பிடித்துக்கொண்டு மீண்டும் ஏறி அமரவும் கற்றுக்கொண்டோம். இனிச் சொந்தமாக வாங்குவது என்று முடிவு செய்துவிட்டோம். எதை வாங்குவது என்பதில்தான் வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை.

ஜோர்ஜியன் விரிகுடா ஒன்டாரியோவில் ஹூரோன் ஏரியைச் சேர்ந்த நன்னீர் விரிகுடா. இந்த ஜூலையில் அங்கே பரி சவுண்டுக்கு வடக்கே ஸ்னக் ஹாபரில் இறங்கி ஃபிராங்ளின் தீவில் மூன்று நாள் தங்குவதும், ஆகஸ்ட் இறுதியில் கில்லார்னிப் பக்கம் சிக்கனிஷிங் ஓடையில் இறங்கி ஃபிலிப் எட்வர்ட் தீவை ஐந்து நாளில் சுற்றி வருவதும் எங்கள் திட்டம். எல்லாம் நல்லபடியாக அமைந்தால், இரண்டு ஆண்டுகள் கழித்து வன்கூவர் தீவின் மேற்குக் கரையிலுள்ள புரோக்கன் குரூப் தீவுகளில் ஆறு நாள் செலவிட ஆசை.

நான் 5 அடி 9 அங்குலம், 82 கிலோ. மனைவி 5 அடி 2 அங்குலம், 54 கிலோ. கயாக், துடுப்பு, ஸ்ப்ரே ஸ்கேர்ட் (அமரும் குழிக்குள் நீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் துணி) எல்லாவற்றுக்குமாக 6000 டொலர் ஒதுக்கியிருக்கிறோம். எங்களிடம் இருப்பது சிறிய கார். கராஜில் ஒரு பக்கச் சுவர் காலியாக உள்ளது.

கடையில் எங்களுக்குக் காட்டியது 17 அடி நீளமும் 24 அங்குல அகலமும் கொண்ட, சுக்கான் பொருத்திய பிளாஸ்டிக் கயாக். இருவருக்கும் அதிலேயே ஒவ்வொன்று எடுத்தால் போதும் என்றும், பல நாள் பயணம் என்றால் நீளமும் கொள்ளளவும் கூடக்கூட நல்லது என்றும் விற்பனையாளர் சொன்னார். நண்பர் ஒருவரோ, இருவர் அமரும் ஒரே கயாக்கை வாங்கினால் பணமும் மிச்சம், பிரிந்து போகும் பயமும் இல்லை என்கிறார். இன்னொருவர், சுக்கான் என்பது துடுப்பு வலிக்கத் தெரியாதவர்களுக்கு உரியது, ஸ்கெக் (பின்பாகத்தின் அடியில் இறங்கும், திரும்பாத தகடு) உள்ளதைத்தான் வாங்க வேண்டும் என்கிறார். பிளாஸ்டிக்கா, ஃபைபர்கிளாஸா என்ற கேள்வி தனியாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கச்சான் (சட்பரி):

வணக்கம் பனைநிழல். ஃபிலிப் எட்வர்ட் தீவு எனக்கு வீட்டுக் கொல்லைப்புறம் போன்றது. பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே போய் வருகிறேன். கடைக்காரர் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் அதுவே முக்கியமான இடம். 82 கிலோ உள்ள ஒருவரும் 54 கிலோ உள்ள ஒருவரும் ஒரே அளவுக் கயாக்கில் நன்றாக இருக்க முடியாது. ஒரே அளவுச் செருப்பை இருவருக்கும் கொடுத்து நடக்கச் சொல்வதைப் போன்றது அது.

கயாக்கின் விவரத்தாளில் அதிகபட்சச் சுமை என்று ஓர் எண் இருக்கும். உதாரணமாக 160 கிலோ என்று போட்டிருந்தால், அந்தச் சுமையில் கயாக் மிதக்கும் என்பது உண்மைதான், ஆனால் நன்றாக ஓடும் என்று பொருளில்லை. அந்த எண்ணில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குள் உங்கள் மொத்த எடை அடங்கினால் கயாக் தன் இயல்பில் இருக்கும் என்பது என் கைக்கணக்கு. இப்போது உங்கள் ஐந்து நாள் சுமையைக் கூட்டிப் பாருங்கள். கூடாரத்தில் உங்கள் பங்கு 2 கிலோ, படுக்கைப் பையும் பாயும் 2, உடுப்பு 4, அடுப்பு, எரிபொருள், பாத்திரம் 2, உணவு நாளுக்கு ஒரு கிலோ வீதம் 5, பம்ப், மாற்றுத் துடுப்பு, இழுவைக் கயிறு, முதலுதவி ஆகியவை 4, கையில் வைத்திருக்கும் தண்ணீர் 4, கரடிக்கு எட்டாத உணவுக் குடுவை 1. மொத்தம் 24 கிலோ. உங்கள் உடல் எடையையும், மேலே அணிந்திருப்பவற்றுக்கு 4 கிலோவையும் சேர்த்தால் 110 கிலோ. இதற்கு 16 அல்லது 17 அடியில் நடுத்தரக் கொள்ளளவு உள்ள கயாக் தாராளமாகப் போதும். மனைவிக்கோ இதே கணக்கு 80 கிலோவைச் சுற்றித்தான் வரும். அந்த 80 கிலோவை உங்களுக்குக் காட்டிய பெரிய கயாக்கில் ஏற்றினால், அது பாதி காலியான பஸ் மாதிரி தண்ணீருக்கு மேலே உயர்ந்து நிற்கும். நீருக்கு மேலே நிற்கும் ஒவ்வோர் அங்குலத்தையும் காற்று பிடித்துத் தள்ளும்.

இந்த விரிகுடாவில் உங்களுக்கு எதிரி காற்றுதான். ஊரில் கச்சான் என்று சொல்வோமே, அந்த மேல்காற்று இங்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் திறந்த நீரைக் கடந்து வந்து கிழக்குக் கரையில் மோதுகிறது. சமுத்திரத்து அலைபோல் நீண்டு உருண்டு வராமல், குட்டையாகவும் செங்குத்தாகவும், ஒன்றன்பின் ஒன்றாக மூச்சுவிட இடமில்லாமல் அலைகள் வரும். அதோடு, கரையையொட்டி நீருக்கு ஓர் அடி கீழே கருங்கற்பாறைகள் ஒளிந்திருக்கும். அமைதியாகத் தெரிந்த இடத்தில் திடீரென்று ஓர் அலை வெள்ளையாக உடைந்தால் அங்கே பாறை இருக்கிறது என்று பொருள். அந்தப் பாறைகளுக்கு இடையில் நுழைந்து திரும்ப வேண்டியிருப்பதால், நேர்கோட்டில் மட்டும் ஓடும் கயாக்கைவிட, அணியமும் (முன்முனை) கடையாரும் (பின்முனை) சற்றே மேல்நோக்கி வளைந்த, சாய்த்தால் திரும்பும் கயாக்கே இங்கு உதவும்.

அகலத்தைப் பற்றியும் ஒரு சொல். 24 அங்குல அகலமும் தட்டையான அடியும் உள்ள கயாக், அமைதியான நீரில் கட்டில்போல் ஆடாமல் நிற்கும். கடைக்குப் பின்னாலுள்ள குளத்தில் முதல் முறை அமர்பவருக்கு அது நம்பிக்கை தரும். ஆனால் அப்படிப்பட்ட கயாக் நீர்ப்பரப்போடு ஒட்டியே இருக்கப் பார்ப்பதால், பக்கவாட்டில் செங்குத்தான அலை வரும்போது அலையின் சரிவோடு சேர்ந்து தானும் சரியும். 21, 22 அங்குலக் கயாக் முதலில் கொஞ்சம் தளதளவென்று இருக்கும். ஆனால் நல்ல வடிவமைப்பாக இருந்தால், சாய்ந்த பிறகு ஒரு கட்டத்தில் தாங்கி நின்று, அலை அடியில் கடந்து போக உங்களை நிமிர்ந்தே இருக்க விடும். குளத்தில் கிடைத்த முதல் ஐந்து நிமிட உணர்வை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பொருளைப் பொறுத்தவரை, கருங்கல்லில் இறங்கி ஏறப் போகிறவருக்குப் பிளாஸ்டிக் ஒன்றும் தாழ்வில்லை. ஃபிலிப் எட்வர்டின் தென்கரையில் மணல் தேடினால் ஏமாந்து போவீர்கள். வழுவழுப்பான இளஞ்சிவப்புப் பாறைச் சரிவில்தான் கரை சேர வேண்டும், காற்றுள்ள நாளில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கயாக் ஒருமுறையாவது உரசும். பிளாஸ்டிக்கில் கீறல் விழும், அவ்வளவுதான். ஃபைபர்கிளாஸில் மேற்பூச்சு உதிரும். ஆனால் அதை வீட்டிலேயே பூசிச் சரிசெய்யலாம், ஆழமாக வெட்டுப்பட்ட பிளாஸ்டிக்கையோ ஒட்ட முடியாது, உருக்கித்தான் இணைக்க வேண்டும். பிளாஸ்டிக்குக்கு வெயிலும் ஆகாது. ஓர் ஆகஸ்ட் மதியம் காரின் கூரையில் பட்டியை இறுக்கிக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது அடிப்பாகத்தில் சோற்றுக் குழிபோல இரண்டு பள்ளங்கள். அவை பழைய நிலைக்கு வர, கவிழ்த்துப் போட்டு மூன்று நாள் வெயில் காட்ட வேண்டியதாயிற்று.

கடைசியாக, சாமான் அறைகளின் வாய். ஏரிப் பயணத்திற்குக் கனூவில் (மேல்தட்டு இல்லாத திறந்த படகு) கொண்டுபோகும் நீல உணவுப் பீப்பாய் கயாக்கின் எந்த வாயிலும் நுழையாது. உங்கள் உணவுக் குடுவையைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று, பின் அறைக்குள் அது போகிறதா என்று நுழைத்துப் பாருங்கள். சிரிக்கிறார்களே என்று விட்டுவிட வேண்டாம். அந்தக் குடுவைக்குள் கருவாடு வைப்பதாக இருந்தால் என் கூடாரத்திலிருந்து இரண்டு தீவு தள்ளி முகாமிடுங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சிறுதுடுப்பு (கிச்சனர்):

கச்சான் அண்ணா எழுதியதை உங்கள் மனைவியின் பக்கத்திலிருந்து தொடர்கிறேன். நான் 5 அடி 1 அங்குலம், 52 கிலோ. எனக்கும் என் முதல் கயாக்கை, இவ்வளவு சாமான் ஏற்றலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். முதல் நீண்ட பயணத்தில் இடப்பக்கப் பின்புறமிருந்து மிதமான காற்று அடித்தது. கயாக் ஓயாமல் காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்க, நான்கு மணிநேரம் ஒரே பக்கமாக இழுத்து இழுத்து நேராக்கினேன். மறுநாள் காலையில் தேநீர்க் கோப்பையைக்கூட அந்தக் கையால் தூக்க முடியவில்லை. கூட வந்தவர்கள் என் உடல் வலுவைக் குறை சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அடுத்த ஆண்டு ஒரு தோழியின் சிறிய கயாக்கில் அதே தூரத்தைப் போனபோதுதான் குறை என்னிடம் இல்லை என்று விளங்கியது.

சிறிய உடல்வாகு உள்ளவர் கயாக்கை அளக்க வேண்டியது நீளத்தால் அல்ல, அமரும் குழியால். காலை ஊன்றி அமர்ந்ததும் முழங்கால்கள் இரண்டும் வெளிப்புறமாக மேல்தட்டின் அடியில் சென்று பதிய வேண்டும். ஒரு முழங்காலை உயர்த்தினால் கயாக் எதிர்ப்பக்கம் சாய வேண்டும். கால் வெறும் காற்றில் ஆடினால் அது உங்களுக்குரிய கயாக் இல்லை. இடுப்பின் இருபுறமும் இரண்டு விரல் நுழையும் இடைவெளி போதும், அதற்கு மேல் என்றால் பஞ்சு வைத்து அடைக்க வேண்டும். துடுப்பு வலிப்பது போலக் கையை அசைக்கும்போது விரல் முட்டிகள் கயாக்கின் விளிம்பில் இடிபட்டால் மேல்தட்டு உங்களுக்கு உயரம். கடைத் தரையிலேயே ஒரு மணிநேரம் அமர்ந்திருந்து பாருங்கள் என்று மனைவியிடம் சொல்லுங்கள். கால் மரத்துப் போகிறதா என்பது பத்தாவது நிமிடத்தில் தெரியாது, நாற்பதாவது நிமிடத்தில் தெரியும்.

டெம்பெஸ்ட், ஸ்கார்பியோ போன்ற பெயர்களில் ஒரே வடிவம் வெவ்வேறு அளவுகளில் வருகிறது. சிறிய அளவைத் தேடச் சொல்லுங்கள். 15 அடிக்குச் சற்று மேற்பட்ட கயாக்கும் அவருக்குப் போதும். நீளமான கயாக்தான் வேகமானது என்பார்கள். அது முழு வலுவோடு வலிப்பவருக்கு உண்மை. மணிக்கு ஐந்து கிலோமீற்றர் என்ற பயண வேகத்தில், நீளம் கூடினால் நீரோடு உரசும் பரப்பும் கூடுகிறது, சிறியவருக்கு அது வீண் சுமை.

எடையையும் மறவாதீர்கள். பல 17 அடிப் பிளாஸ்டிக் கயாக்குகள் 28, 29 கிலோ இருக்கும். உங்கள் மனைவியின் எடையில் பாதிக்கு மேல். ஐந்தாம் நாள் மாலையில், களைத்த உடம்போடு அதைக் காரின் கூரைக்குத் தூக்க வேண்டும். பிளாஸ்டிக் தகட்டை வெப்பத்தில் இளக்கி அச்சில் படியவைத்துச் செய்யும் கயாக்குகள் இதைவிட இலேசானவை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் தயாராகும் டெல்டா அந்த வகையைச் சேர்ந்தது. எனது கயாக் கெவ்லார் என்ற இலேசான இழையில் செய்தது, 22 கிலோ, பழையதாக வாங்கியது. அந்த ஆறேழு கிலோ வித்தியாசம் இல்லையென்றால் நான் தனியாகப் பயணம் போகும் பழக்கமே வந்திருக்காது.

பணத்தைக் கயாக்கிலேயே முழுதும் கொட்டிவிட்டுத் துடுப்பில் மிச்சம் பிடிக்க வேண்டாம். நிமிடத்திற்கு 50 வலிப்பு என்று வைத்தாலும் நான்கு மணிநேரத்தில் 12000 முறை அந்தத் துடுப்பைத் தூக்குகிறீர்கள். மலிவான அலுமினியத் துடுப்புக்கும் நல்ல ஃபைபர்கிளாஸ் துடுப்புக்கும் இருக்கும் 200, 300 கிராம் வித்தியாசம் அங்கேதான் தோளில் தெரியும்.

நெய்தல் (விக்டோரியா):

நான் மேற்குக் கரையில் இருப்பவன், ஆகவே உங்கள் மூன்றாவது பயணத்தைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று வந்தேன். அதற்கு என் ஆலோசனை, அந்தப் பயணத்தை மனத்தில் வைத்துக் கயாக் வாங்காதீர்கள் என்பதுதான்.

காரணம் தண்ணீர். ஜார்ஜியன் விரிகுடாவில் நீங்கள் மிதப்பதையே வடிகட்டிக் குடிக்கிறீர்கள். புரோக்கன் குரூப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும் இருந்தும் முகாம்களில் நல்ல தண்ணீர் கிடையாது. குடிக்க, சமைக்க எல்லாவற்றையும் ஏற்றிச் செல்ல வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்றால் ஆறு நாளைக்கு 24 கிலோ. கச்சான் போட்ட கணக்கில் இருக்கும் 4 லிட்டரைக் கழித்து இதைச் சேருங்கள், ஒரு நாள் உணவும் கூடும். 110 என்பது 130ஐத் தாண்டிவிடும். இப்போது கயாக்கின் தேவையே மாறிவிட்டது. இதற்கென ஒரு பெரிய கயாக்கை இன்றே வாங்கினால், அதற்கு முன் வரும் இரண்டு கோடைகளிலும் காலியான கயாக்கோடு காற்றில் மல்லுக்கட்டுவீர்கள். ஒன்டாரியோவிலிருந்து காரில் நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் அதைச் சுமந்து வருவதைவிட, இங்கே வந்து அந்த ஆறு நாளைக்கு மட்டும் பெரியதாக வாடகைக்கு எடுங்கள்.

இன்னொரு வித்தியாசம் வற்றும் பெருக்கும். உங்கள் விரிகுடாவில் மாலையில் கயாக்கை எங்கே வைத்தீர்களோ, பெரும்பாலும் காலையில் அதன் அருகிலேயே நீர் இருக்கும். இங்கே நீர் வற்றியபோது கரையேறினால், வழுக்கும் பாசிக் கற்களின் மேல் முழுச் சுமையோடு கயாக்கை நெடுந்தூரம் தூக்க வேண்டும். அதனால்தான் சாமான் அனைத்தையும் இரண்டு பெரிய கைப்பைகளில் போட்டு இறக்கிவிட்டு, வெறும் கயாக்கைத் தூக்குவது எங்கள் வழக்கம்.

சுக்கானைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது வெறும் வீம்பு. கயாக் ஓடும்போது அணியம் முன்னால் தள்ளும் நீரின் அழுத்தத்தில் ஓரளவு பிடிபட்டு நிற்கிறது. பின்பாகமோ கலைந்து தளர்ந்த நீரில் இருக்கிறது. பக்கக் காற்று அடித்தால் தளர்ந்த பின்பாகம்தான் தள்ளப்படும், அதன் விளைவாக மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். சிறுதுடுப்பு அவர்களின் கையை வருத்தியது இதுதான். ஸ்கெக் என்பது பின்பாகத்தின் அடியில் கத்திபோல் இறங்கும் ஒரு தகடு. அது திரும்பாது, பின்பாகத்துக்கு ஒரு பிடிப்பைத் தரும், அவ்வளவுதான். பாதி இறக்கினால் பாதிப் பிடிப்பு. சுக்கான் அந்தப் பிடிப்பையும் தந்து, காலால் திருப்பவும் விடும். பின்னாலிருந்து அலை தள்ளும் நீண்ட கடப்புகளில், சுமை ஏற்றிய கயாக்கில், சுக்கான் உடல் வலுவை மிச்சப்படுத்துகிறது. இங்கே தயாராகும் கயாக்குகளில் பெரும்பாலும் அது இருப்பது சும்மா இல்லை. பிரித்தானிய வழி வேறு. 1975-ல் நார்வேயின் வடகோடியிலுள்ள நோர்ட்காப் நோக்கிய பயணத்திற்காக ஃபிராங்க் குட்மன் வடிவமைத்த, அந்த முனையின் பெயரையே தாங்கிய ஒடுக்கமான கயாக்கின் மரபில் வந்தவர்கள், உடலைச் சாய்த்துத் திருப்புவதையும் ஸ்கெக்கையும் நம்புகிறார்கள். இரண்டும் சரிதான். ஆனால் சுக்கான் உள்ளதை எடுத்தால், மிதிக்கும்போது பாதப்பலகை முழுதுமாக முன்னும் பின்னும் வழுகுகிறதா, அல்லது பலகை அசையாமல் இருக்க நுனி மட்டும் அசைகிறதா என்று பாருங்கள். முதல் வகையில் காலை ஊன்ற உறுதியான இடமே இராது. அது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

இருவர் கயாக் வேண்டாம் என்பதற்கு ஒரே காரணம் சொல்கிறேன். உங்கள் இருவரிடமும் தனித்தனிக் கயாக் இருந்தால், ஒருவர் கவிழும்போது மற்றவரின் கயாக் மீட்புப் படகாகிறது. நீங்கள் கற்ற பயிற்சியே அதுதான். ஒரே கயாக்கில் இருவரும் கவிழ்ந்தால் பக்கத்தில் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை.

பழையபடகு (மிசிசாகா):

6000 டொலரில் இரண்டு புதிய ஃபைபர்கிளாஸ் கயாக் என்பது நடவாத காரியம். இரண்டு புதிய பிளாஸ்டிக் வாங்கினால் துடுப்புக்குப் பணம் இராது. ஆகவே பழையதைத் தேடுங்கள். பருவம் முடியும் செப்டம்பரிலும், வாடகைக் கடைகள் தங்கள் இருப்பை விற்கும் நாட்களிலும் நல்லவை கிடைக்கும்.

பழைய கயாக்கைப் பார்க்கப் போகும்போது ஒரு வாளியும் கைவிளக்கும் கொண்டுபோங்கள். பின் அறைக்குள் அரை வாளி தண்ணீர் ஊற்றி, கயாக்கை முன்பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். இருக்கைக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரின் ஓரமாகக் குழிக்குள் நீர் கசிந்தால் அந்தச் சுவர் விட்டுப்போயிருக்கிறது. ஒட்டிச் சரிசெய்யலாம், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள். சில பழைய கயாக்குகளில் முன் தடுப்புச் சுவரே இருக்காது, அவற்றைத் தொடாதீர்கள். கவிழ்ந்தால் முன்பாகம் முழுவதும் நீர் நிரம்பி அணியம் கீழே போய்விடும். பிறகு கயாக்கைக் கவிழ்த்து வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடிமுதுகை நீளவாக்கில் பாருங்கள். முறுக்கோ வளைவோ இருந்தால் தெரியும். ரப்பர் மூடிகளை விரலால் மடித்துப் பார்த்தால், வெயிலில் காய்ந்தவற்றில் அப்பளம்போல் வெடிப்பு விழும். சுற்றுக்கயிறு நைந்திருப்பது பெரிய குறை அல்ல, புதிதாகக் கோத்துக்கொள்ளலாம்.

என்னுடையது மடித்துப் பையில் வைக்கும் துணிக் கயாக். பதினான்காம் மாடியில் குடியிருப்பவனுக்கு வேறு வழியில்லை. அதை ஏளனமாகப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது, 1932-ல் ஜெர்மனியின் ஊல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் இறங்கிய ஓஸ்கர் ஸ்பெக், இலங்கைக் கரையையும் சென்னையையும் தொட்டு, 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியா வரை போய்ச் சேர்ந்தது இப்படிப்பட்ட மடிப்புக் கயாக்குகளில்தான் என்பது. போர் தொடங்கிவிட்டதால் அவரை அங்கே தடுப்பு முகாமில் அடைத்தார்கள் என்பது வேறு கதை. கராஜ் வைத்திருக்கும் உங்களுக்கு இது தேவையில்லை.

பனைநிழல்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பதில்களை அச்சிட்டு மனைவியிடம் கொடுத்தேன். சிறுதுடுப்பு அவர்கள் எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டு, இனிக் கடைக்குப் போகும்போது நீங்கள் பேச வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

கடந்த இரண்டு வார இறுதிகளில் மூன்று கயாக்குகளை நீரில் இறக்கிப் பார்த்தோம். பத்து லிட்டர் தண்ணீர்ப் பைகளை நிரப்பிச் சாமானுக்குப் பதிலாக அறைகளில் வைத்தோம், ஆளுக்கு இரண்டு. முதலில் கடையில் காட்டிய பெரிய கயாக்கையே மனைவி எடுத்தார். இரண்டு பைகளை ஏற்றியும்கூடக் காற்றுக்குக் குறுக்கே அவரால் நேராகப் போக முடியவில்லை, முழங்கால் எங்கும் படவுமில்லை. அடுத்து, வாடகைக்குக் கிடைத்த 15 அடி 10 அங்குலச் சிறிய கயாக்கில் அமர்ந்து, பத்து நிமிடத்தில் என்னைவிட முன்னால் போய்விட்டார். அந்த வகையிலேயே ஆறு வயதுள்ள ஃபைபர்கிளாஸ் ஒன்று குவெல்ஃபில் விற்பனைக்கு இருக்கிறது. வாளியோடு போய்ப் பார்த்தோம், கசியவில்லை. விலை பேசி முடித்தாகிவிட்டது.

எனக்கு 17 அடிப் பிளாஸ்டிக், ஸ்கெக் உள்ளது, 22 அங்குலம். இதிலும் பழையதைத்தான் எடுக்கப் போகிறேன். ஆனால் ஓர் ஐயம். சோதித்துப் பார்த்தபோது, சரளைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு இறங்கியபின் ஸ்கெக் இறங்கவே இல்லை. கைப்பிடியை அழுத்தித் தள்ளினேன். கம்பி வளைவதுபோல் இருந்ததால் பயந்து விட்டுவிட்டேன். கரைக்கு வந்து கவிழ்த்தால், அதன் பிளவில் ஒரு கடலைப் பருப்பு அளவு கல் சிக்கியிருந்தது. நடு நீரில் இப்படி நடந்தால் என்ன செய்வது? மேலும், தண்ணீர்ப் பைகளை முன் அறையில் வைத்தபோது கயாக் காற்றை நோக்கி அதிகமாகத் திரும்பியது, பின் அறைக்கு மாற்றியதும் அது குறைந்தது. சாமானை எப்படிப் பிரித்து வைப்பது சரி?

கச்சான்:

கைப்பிடியை அழுத்தாமல் விட்டது நல்லது. கம்பி ஒருமுறை மடிந்தால் பிறகு மாற்றத்தான் வேண்டும். ஸ்கெக் தகட்டின் கீழ்ப்பக்கப் பின்மூலையில் சிறிய துளை ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் 3 மில்லிமீற்றர் அளவில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். அதில் ஒரு சாண் நைலோன் கயிற்றைக் கட்டி, நுனியில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுங்கள். கல் சிக்கினால் மனைவி தன் கயாக்கை உங்கள் பின்பக்கம் கொண்டுவந்து, கையை நீருக்குள் விட்டு அந்தக் கயிற்றை இழுத்தால் போதும். அவருடையதிலும் ஸ்கெக் இருந்தால் அதற்கும் ஒன்று கட்டிவிடுங்கள். சரளைக் கரையில் இறங்கும்போது கயாக்கைப் பின்புறமாக இழுத்துவராமல், இருவருமாகத் தூக்கி நீரில் வைத்துவிட்டு ஏறினால் கல் சிக்குவது வெகுவாகக் குறையும்.

நீங்கள் தண்ணீர்ப் பையில் கண்டது சரியான பாடம். முன்பக்கம் பாரமானால் அணியம் இன்னும் ஆழமாகப் பிடிபடும், பின்பாகம் இன்னும் தளரும். காற்றை நோக்கித் திரும்புவது கூடும். உணவுக் குடுவை, தண்ணீர், அடுப்பு போன்ற பாரமானவற்றை இருக்கைக்கு முன்னும் பின்னும் உள்ள அறைகளில், தடுப்புச் சுவர்களை ஒட்டி, அடித்தளத்தோடு படியும்படி வையுங்கள். பின்பக்கம் ஓரிரு கிலோ கூடுதலாக இருக்கட்டும். படுக்கைப் பையும் உடுப்பும் இரு முனைகளுக்கும் போகட்டும். முனைகளில் பாரம் வைத்தால் கயாக் அலை மேல் ஏறாமல் அலைக்குள் குத்தும். மேல்தட்டில் வரைபடம், மாற்றுத் துடுப்பு, பம்ப் தவிர வேறெதையும் கட்டாதீர்கள். கூடாரத்தை மேலே கட்டியவர்கள் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் ஒடுங்கிச் செல்லும் கொலின்ஸ் இன்லெட்டின் வடபக்க அமைதியில் சந்தோஷமாகத்தான் வருவார்கள், தென்பக்கத் திறந்த நீருக்குத் திரும்பியதும் முகம் மாறும்.

ஆகஸ்ட் பயணத்திற்கு ஐந்து நாள் என்றீர்கள். ஆறு நாள் உணவு கொண்டுபோங்கள். தென்கரையில் ஒரு நாளாவது காற்று உங்களைப் பாறையிலேயே உட்கார வைக்கும், அன்றைக்குத் தேநீருக்குப் பால்மா இல்லாமல் போனால் நன்றாக இராது.